உயரம் தெரியாத படம்

(தோல் தொழிலில் இருப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட ஆம்பூர்க் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திரையில் இருப்பது சென்னை கத்திப்பாரா மேம்பாலச் சந்திப்பு. செயற்கைக்கோளில் இருந்து எடுத்த படம். இந்த அறையில் பாதிப் பேராவது அதன்மேல் போயிருப்பீர்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வந்திறங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரை அழைத்துவரப் போனவர்களே பத்துப் பேர் தேறுவீர்கள். போகும்போது என்ன பார்த்தீர்கள்? முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம், ஒரு தூண், தலைக்கு மேலே ஒரு பச்சைப் பலகை. "சார், வடபழனிக்கு இதுவா, அடுத்ததா?" என்று டிரைவர் கேட்டு முடிப்பதற்குள் திருப்பம் பின்னால் போய்விடும். நாலு வளையங்கள், அவற்றுக்கு வெளியே ஓடும் நாலு வளைவுகள், நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு சாலைகள். இந்த வடிவம் அதன்மேல் போகிற யாருக்கும் தெரிவதில்லை. வானத்துக்குப் போனால்தான் தெரிகிறது.

ஆனால் வானத்துக்குப் போனதும் வேறொன்று காணாமல் போய்விடுகிறது. உயரம். எது மேலே போகிறது, எது கீழே போகிறது என்பது படத்தில் தட்டையாகிவிடுகிறது. ஒரு சாலையை இன்னொரு சாலையின் தலைக்கு மேல் தூக்கிவிட்டால் இரண்டும் நிற்க வேண்டியதில்லை. இந்தச் சந்திப்புகளுக்குப் பின்னால் இருப்பது இந்த ஒரு யோசனைதான். வானத்துப் படம் அந்த ஒன்றை மறைத்துவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் அழகாகக் காட்டுகிறது. நான் பேசப்போவது அதைப் பற்றி. ஆம்பூருக்கு வந்து கத்திப்பாராவைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம், ஊருக்கு வந்துவிடுவேன்.

சாதாரண நாலு ரோட்டில் தொடங்குவோம். சிக்னல் இல்லாத நாற்சந்தி ஒன்றில் வண்டிகள் போகும் பாதைகளைக் கோடு போட்டுப் பார்த்தால், ஒன்றோடொன்று மோதக்கூடிய இடங்கள் 32 வரும். குறுக்கே வெட்டிக்கொள்பவை 16, சேர்பவை 8, பிரிபவை 8. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் இடது திரும்புகிறவரால் யாருக்கும் தொந்தரவில்லை. வலது திரும்புகிறவர்தான் வில்லங்கம். எதிரே வருகிறவரின் பாதையை வெட்டாமல் அவரால் போக முடியாது.

இதற்கு 1916இல் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் ஹேல் என்ற பொறியாளர் ஒரு வழி சொல்லிக் காப்புரிமையும் வாங்கினார். வலது போக வேண்டுமா, வலது திரும்பாதே. பாலத்தைத் தாண்டி நேரே போ, பிறகு இடப்பக்கமாக முக்கால் வட்டம் சுற்று, நீ போக வேண்டிய சாலையில் போய்ச் சேர்ந்துவிடுவாய். (அவர்கள் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள், நான் நம் வழக்கத்துக்கு மாற்றிச் சொல்கிறேன்.) கேட்டால் கோணல் யோசனையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே ஒரு பாலத்தை வைத்துக்கொண்டு 16 வெட்டுகளையும் இது ஒழித்துவிடுகிறது. 1929இல் நியூஜெர்சியின் வுட்பிரிட்ஜில் இந்த மாதிரிச் சந்திப்பைக் கட்டினார்கள். நம் மாநிலத்தில் சென்னை ஜெமினியில் அண்ணா மேம்பாலம் 1973இல் வந்தது. அதில் இந்த நாலு வளையங்கள் இல்லை. நாலு வளையமும் உள்ள கத்திப்பாரா 2008 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே பெரியது என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் காலத்திலேயே அமெரிக்காவில் பல ஊர்களில் இந்த வளையங்களை எடுத்துவிட்டு வேறு அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏன் எடுத்தார்கள்? ஒரு வளையத்தில் இருந்து இறங்கி வேகம் எடுக்கிற வண்டியும், அடுத்த வளையத்துக்குள் போக வேகம் குறைக்கிற வண்டியும் பாலத்தை ஒட்டிய அதே குட்டையான துண்டில்தான் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் உள்ளே வருகிறார், ஒருவர் வெளியே போகிறார், இருவரும் ஒருவர் பாதையை ஒருவர் பின்னுகிறார்கள். வண்டிகள் குறைவாக இருக்கும்வரை கவலையில்லை. மாலை ஆறு மணிக்கு நெரிசல் தொடங்குவது இந்த இடத்தில்தான். வானத்துப் படத்தில் அது வெறும் நாலு மில்லிமீட்டர் கோடு.

இன்னொரு கணக்கும் உண்டு, மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். வளைவில் வண்டி சறுக்காமல் போகத் தேவையான ஆரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வளையத்தில் வேகத்தை இரட்டிப்பாக்க நினைத்தால் ஆரம் நாலு மடங்கு வேண்டும். வளையம் தன்னுள் அடைத்துக்கொள்ளும் நிலம் பதினாறு மடங்காகும். நிலம் விலை கொடுத்து வாங்க வேண்டியது, அதனால் எல்லாரும் வளையத்தைச் சின்னதாகப் போட்டு, வேகத்தைக் குறை என்று பலகை வைத்துவிடுகிறார்கள். துறைமுகத்துக்கு உங்கள் சரக்கை ஏற்றிப்போகும் 40 அடி கன்டெய்னர் லாரியின் டிரைவரைக் கேளுங்கள். நேர்ச்சாலையில் வந்த வேகத்திலேயே வளையத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்வார். எடை உயரத்தில் இருக்கிற வண்டி சறுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடும்.

வளையத்துக்கு நடுவே அடைபட்ட நிலத்தைப் பாருங்கள். கட்டிங் செக்‌ஷனில் நின்றவர்களுக்கு இது உடனே பிடிபடும். மேசையில் தோலை விரித்ததும் கை முதலில் தேடுவது ஓட்டையையும் தழும்பையும். பிறகு முதுகுப் பக்கத்தில் வேம்ப் (ஷூவின் முன்பக்க மேல்தோல்), வயிற்றுப் பக்கத்துத் தளர்ந்த தோலில் டங் (ஷூவின் நாக்கு) என்று வெட்டும் டையை இடம் பார்த்து வைப்பார்கள். ஒரு வடிவத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே விழுகிற துண்டில்தான் கம்பெனியின் லாபமோ நஷ்டமோ இருக்கிறது. சாலைச் சந்திப்பைப் போடுகிறவரும் மேலிருந்து பார்த்து அதே வேலையைத்தான் செய்கிறார், ஆனால் விழுகிற துண்டை யாரும் எடைபோட்டுக் கேட்பதில்லை. கத்திப்பாராவில் அந்தத் துண்டு நிலங்கள் பல ஆண்டுகள் சும்மா கிடந்தன. மெட்ரோ ரயில் நிறுவனம் அங்கே வண்டி நிறுத்துமிடம், கடைகள், பஸ் நிற்க இடம் என்று ஏற்படுத்தித் திறந்தபோது 2021 முடியப்போகிறது. பாலம் திறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அங்கே மனிதர்கள் கால் வைத்து நிற்கவும் ஒரு காரணம் கிடைத்தது.

சரி, உயரத்துக்கு வருவோம். தட்டையான படத்தில் உயரத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். நிழலைப் பாருங்கள். இந்தப் படத்தில் மெல்லிய கோடு ஒன்று எல்லாவற்றின்மேலும் குறுக்கே போகிறது, தெரிகிறதா? அது 2015 ஜூனில் ஓடத் தொடங்கிய கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ பாதை. அதன் நிழல் பாதையை விட்டுத் தள்ளி விழுந்திருக்கிறது. மேம்பாலத்தின் நிழலோ பாலத்தை ஒட்டியே கிடக்கிறது. நிழல் தள்ளி விழுந்தால் பொருள் உயரத்தில் இருக்கிறது. கண்ணை நம்பாமல் கருவியை நம்புகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2005இல் இஸ்ரோ அனுப்பிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளில் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று 26 பாகை முன்னோக்கிச் சாய்ந்தது, மற்றது 5 பாகை பின்னோக்கிச் சாய்ந்தது. ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்தால் நமக்கு இரண்டு கண் இருப்பதால் கிடைக்கிற ஆழம் படத்துக்கும் கிடைக்கும். மேலிருந்து நேர்க்குத்தாக எடுத்த ஒற்றைப் படத்துக்கு அது கிடையாது.

நேரத்தையும் கவனியுங்கள். பூமியைப் படமெடுக்கும் பல செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதையை, எந்த ஊரைக் கடந்தாலும் அந்த ஊர் நேரத்துக்குக் காலை பத்தரை வாக்கில் கடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். மேகம் திரள்வதற்கு முன்பு எடுத்துவிட வேண்டும், நிழலும் ஓரளவு இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். அறிவியலுக்கு நல்ல நேரம். ஆம்பூருக்கு? பத்தரைக்கு நம் பெண்கள் எல்லாரும் ஷூ கம்பெனிக்குள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கம்பெனி பஸ்கள் ஷெட்டில் நிற்கும். காலையிலும் சாயங்காலமும் ஷிஃப்ட் மாறும்போது இந்த நெடுஞ்சாலை ஓரத்தில் திரளும் கூட்டம், மீடியனில் ஒரு காலை வைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே இடைவெளி பார்க்கிற கூட்டம், விண்வெளிப் படத்தில் விழ வாய்ப்பே இல்லை. இந்தத் தடத்துச் சாலையைப் படத்தை வைத்து மட்டும் தெரிந்துகொண்டவருக்கு இங்கே மனிதர்கள் நடக்கிறார்கள் என்பதே தெரியாது.

இப்போது நம் ஊரை மேலிருந்து பார்ப்போம். செயற்கைக்கோள் வேண்டாம். பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரிக்குப் போனால் போதும்.  பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ஆறும், ரயிலும், சாலையும் கூடவே போவதுதான் நம் நிலத்தின் அமைப்பு. தெற்கே ஜவ்வாது மலை, வடக்கே ஆந்திர எல்லைக் காடு, நடுவே இருக்கிற இடத்தில் மூன்றும் நெருக்கிக்கொண்டு போகின்றன. மேலிருந்து பாலாறு வெளிறிய மணலாகத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அது தோல் கழிவால் அந்த மணலுக்கு அடியில் கெட்டுப்போன தண்ணீரைப் பற்றியது. அதுவும் மேலிருந்து தெரியாத தளம்தான்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1இல் ராயபுரத்தில் கிளம்பி வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில். 1864இல் ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூருக்குப் பாதை பிரிந்தது. சென்னை, சேலம், பெங்களூர் என மூன்று திசைக்கும் ரயில் பிரியும் ஜோலார்பேட்டைதான் இந்த வட்டாரத்தின் முதல் பெரிய சந்திப்பு. ரயிலுக்கு இது எளிது, ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். சிக்னல் போட்டு மற்றதை நிறுத்தலாம். சாலைக்கு அந்தப் பொறுமை இல்லை.

நாம் இன்னும் பழக்கத்தில் என்.எச். 46 என்று சொல்லும் கிருஷ்ணகிரி–ராணிப்பேட்டை சாலை, 2010இல் எண்கள் மாறியபோது டெல்லியில் இருந்து மும்பை, பெங்களூர் வழியாகச் சென்னை வரை வரும் 48ஆம் எண் சாலையின் ஒரு பகுதியாகிவிட்டது. தங்க நாற்கரத்திலும் சேர்ந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், மேல்விஷாரம் எல்லாம் ஒரே கோட்டில் வருகின்றன. வேலூரில் இதோடு தூத்துக்குடி வரை போகும் 38ஆம் எண் சாலையும் சேர்கிறது. இவ்வளவு முக்கியமான கோட்டில் கத்திப்பாரா மாதிரி ஒன்று எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. நமக்குக் கிடைத்தது கிரீன் சர்க்கிள்.

வேலூர் புதிய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடியில் இருந்து வருகிற சாலை நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடம். உங்களில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற வண்டி மேலே நிற்காமல் போகிறது. காட்பாடி ஸ்டேஷனுக்குப் போகிறவர், சி.எம்.சி.க்கு வந்த நோயாளி, வி.ஐ.டி. மாணவர், சத்துவாச்சாரி ஆட்டோ, திருவண்ணாமலை பஸ், சர்வீஸ் ரோட்டில் இறங்கி வருகிற லாரி, எல்லாரும் கீழே ஒரு வட்டத்துக்குள். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் நெடுஞ்சாலை ஒரு கத்திக்கீறல் மாதிரி நேராகப் போகும், பக்கத்தில் பசுமையாக ஒரு சிறு வட்டம் இருக்கும். பிரச்சினை தீர்ந்ததாகவே தோன்றும். தீர்ந்தது ஒருவருக்குத்தான், வேலூரில் வேலை இல்லாதவருக்கு.

நான் குறை சொல்வது பாலத்தை அல்ல. நெடுந்தூரம் போகிற லாரி ஊருக்குள் நுழையாமல் போவது ஊருக்கும் நல்லதுதான். ஆனால் 32 மோதல் இடங்களில் நெடுஞ்சாலைக்கு உரியதை மட்டும் தூக்கிவிட்டு மற்றதை எல்லாம் அடியில் விட்டுவிட்டால், அதைச் சந்திப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூக்கப்பட்டது யார், அடியில் விடப்பட்டது யார் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் உயரத்தில் இருப்பதால் படத்தில் வராது.

அடியில் விடப்படுகிறவர்களை வெளிநாட்டில் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கிலாந்தில் பர்மிங்காமில் கிரேவலி ஹில் சந்திப்பு 1972 மே மாதம் திறக்கப்பட்டது. ஸ்பகெட்டி ஜங்ஷன் என்றுதான் ஊர் உலகம் சொல்லும். 559 தூண்கள். அதைவிடப் பின்னலான சந்திப்புகள் இன்று சீனாவில் இருக்கின்றன. சோங்சிங் நகரில் 2017இல் திறந்த ஹுவாங்ஜுவேவான் ஐந்து அடுக்கு, எட்டுத் திசை. படம் பார்க்க அது நன்றாக இருக்கும். என் மனதில் நிற்பது பர்மிங்காம்தான். அந்தச் சந்திப்புக்கு அடியில் இரண்டு ரயில் பாதைகள், மூன்று கால்வாய்கள், இரண்டு ஆறுகள். கால்வாயில் அந்தக் காலத்துப் படகுகளைக் கரையில் நடக்கும் குதிரை கயிறு கட்டி இழுக்கும். குதிரை கரையில், படகு தண்ணீரில், நடுவே நீண்ட கயிறு. தூண் எங்கே நின்றாலும் கயிறு சிக்கும். அதனால் குதிரை இழுக்கும் படகின் கயிறு மாட்டிக்கொள்ளாதபடி பார்த்துப் பார்த்துத் தூண்களுக்கு இடம் குறித்தார்கள். 1972இல் திறந்த சந்திப்புக்கு! சரக்குப் படகுகளுக்கு எஞ்சின் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அப்படியும் அந்தக் கயிற்றுக்கு வழிவிட்டார்கள்.

நம் பொறியாளர்களுக்கு இந்த மாதிரி யோசிக்கத் தெரியாது என்று சொல்லவில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள். வண்டிகள் போகும் சுரங்கப்பாதைக்கு 5.5 மீட்டர் உயரம் வேண்டும். நடப்பவர்களுக்கும் கால்நடைக்கும் 3 மீட்டர். யானையோ ஒட்டகமோ கடக்கும் இடமானால் 4.5 மீட்டர். யானைக்கு அளவு எழுதி வைத்திருக்கிற நாடு நம் நாடு. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் கௌண்டின்யா காட்டில் இருந்து யானை இறங்கி வரும் ஊர்க்காரர்களுக்கு அது ஒன்றும் விளையாட்டுச் செய்தி அல்ல. ஆக, அளவு தாளில் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து ஒரே நேரத்தில் வெளியே வரும் ஆயிரம் பெண்கள் எங்கே கடக்கிறார்கள் என்று சாயங்காலம் வந்து நின்று பார்த்தால்தான் அந்தச் சுரங்கப்பாதையை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரியும். தப்பான இடத்தில் வைத்தால் அரை கிலோமீட்டர் சுற்றிப் போக யாரும் சம்மதிக்க மாட்டார்கள். எட்டு மணி நேரம் மிஷினில் உட்கார்ந்து எழுந்த கால் அது. மீடியனைத்தான் தாண்டுவார்கள். அப்புறம் விபத்துக்கு அவர்கள் அவசரம்தான் காரணம் என்று எழுதுவோம்.

இப்போது வரப்போவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை. 2022 மே 26இல் பிரதமர் சென்னையில் அடிக்கல் நாட்டியது. 262 கிலோமீட்டர், மதிப்பீடு 14,870 கோடி ரூபாய்க்கு மேல். ஹொஸ்கோட்டையில் தொடங்கி கோலார் தங்கவயல், சித்தூர் வழியாக வந்து வாலாஜாபேட்டை, அரக்கோணம் பக்கமாக ஸ்ரீபெரும்புதூர் போகிறது. வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் அதன் வழியில் இல்லை. ஒரு பக்கம் பார்த்தால் நிம்மதி: நெடுந்தூர வண்டிகளில் ஒரு பங்கு நம் ஊர்களைவிட்டு விலகும். இன்னொரு பக்கம், அப்படிப்பட்ட சாலையில் நினைத்த இடத்தில் ஏற முடியாது. சந்திப்பு இருக்கிற இடத்தில் மட்டும் ஏறலாம், இறங்கலாம். சாலை நம் வயலை ஒட்டிப் போனாலும் சந்திப்பு இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அது நமக்கு மதில்தான். ராணிப்பேட்டை மாவட்டத்தில் நிலம் கொடுத்த கிராமத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டிராக்டரும் டூ வீலரும் அதில் ஏறவே கூடாது. தன் நிலத்தின் இந்தப் பாதியில் இருந்து அந்தப் பாதிக்குப் போக அடியில் விட்டிருக்கிற பாதை ஒன்றுதான் அவர்களுக்குச் சாலை.

கடைசியாக நடைமுறைக்கு ஒன்று. கிரீன் சர்க்கிளுக்கோ ஆம்பூருக்கோ நாளைக்கு ஒரு பெரிய திட்டம் வரும், வந்தே தீரும். ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு, மேலிருந்து பார்க்கிற மாதிரி வண்ணப்படம் காட்டுவார்கள். வளைவெல்லாம் பச்சை, கார்கள் எல்லாம் வெள்ளை, நடக்கிற ஆள் ஒருவரும் இருக்க மாட்டார். அந்தப் படத்தை மடித்துக் கொடுத்துவிட்டுக் குறுக்குவெட்டு வரைபடம் கேளுங்கள். சாலையைக் குறுக்கே அறுத்துப் பக்கவாட்டில் காட்டும் வரைபடம் அது. எந்தத் தளத்தில் எது போகிறது, பாலத்துக்கு அடியில் எத்தனை மீட்டர், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது எல்லாம் அதில்தான் இருக்கும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவில் நில எடுப்பு அறிவிக்கை வந்தால் அதன் விவரத்தை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் போட வேண்டும், ஒன்று தமிழில் இருந்தாக வேண்டும். நிலத்தில் உரிமை உள்ளவர் ஆட்சேபிக்க 21 நாள்தான் அவகாசம். அந்த 21 நாளைக்குள் சாயங்காலம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் சம்பந்தப்பட்ட அதிகாரியை ஒரு தடவை நேரில் அழைத்துவந்து ரோட்டோரம் நிற்க வையுங்கள். குறுக்குவெட்டில் நடப்பவருக்கு எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள் என்பதை அங்கேயே கேளுங்கள். போடவே இல்லை என்றால் மனுவின் முதல் வரி அதுதான்.